பதினொன்றில் கோலி போக மீதி பத்து

உலகக் கோப்பை வரும் வருடங்களில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களைத் திறக்கவே பயமாக இருக்கும். பந்துப் படம் போட்ட கூட்டல் தாள், பந்துப் படம் போட்ட 'கோடிட்ட இடத்தை நிரப்புக', பந்துப் படம் போட்ட எழுத்துப் பயிற்சி என்று பிடிஎஃப்களாக வந்து குவியும். அச்செடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் முதலில் பந்துக்குக் கறுப்பு அடிப்பார்கள். பிறகு வழக்கம்போல 8 + 5க்கு விரல்விட்டு எண்ணுவார்கள். பந்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாம்பழத்தை ஒட்டினாலும் கணக்கில் எதுவும் மாறாது. அப்புறம் அதில் கால்பந்து எங்கே இருக்கிறது?

நான் வேலை பார்ப்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று அடுத்தடுத்து இருக்கும் அந்த ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். இங்கே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்னால் ஆஃப்சைடு தெரிந்துவிடும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த எனக்கு ஆட்டத்தின் பாதி விதிகளைச் சொல்லிக் கொடுத்ததே மூன்றாம் வகுப்புதான்.

அவர்களோடு இருந்து நான் பிடித்துக்கொண்ட கட்சி இது: கால்பந்துக்குள் எண் இருக்கிறது, அளவு இருக்கிறது, வடிவம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆட்டத்தின் விதியே கணக்காக இருக்கும்போது படம் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. வகுப்பில் நான் செய்யும் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒரு அணியில் 11 பேர். கோல்கீப்பரை (எங்கள் பக்கம் 'கோலி') விட்டுவிட்டு மற்ற 10 பேரைப் பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை என்று பிரித்துச் சொல்வதுதான் அணி நிற்கும் அமைப்பு. 4-4-2, 4-3-3, 3-5-2, எதைக் கூட்டினாலும் 10 வரும். கீழ் வகுப்புகளில் பத்தின் சேர்க்கை என்று வாரக்கணக்கில் மணிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோமே, அது முழுக்க இதற்குள் இருக்கிறது.

இரண்டிரண்டு பேராகத் தரையில் உட்கார வைப்பேன். சாக்பீஸால் ஒரு செவ்வகம், அதற்குள் குறுக்கே இரண்டு கோடு. பத்துப் புளியங்கொட்டை, கோலிக்கு ஒரு சட்டைப் பொத்தான். "பின்னால நாலு, முன்னால மூணு, நடுவுல எத்தன பேரு?" என்று கேட்டால் கொட்டைகள் நகரும். அடுத்து நடுவராக இருக்கும் பிள்ளை விசில் ஊதிச் சிவப்பு அட்டையைக் காட்டும். ஒரு கொட்டை வெளியே போய்விடும், மீதி ஒன்பதை மறுபடி அடுக்க வேண்டும். எந்த வரிசையில் ஆள் குறைப்பது என்பதில் சண்டை வரும். "முன்னால குறை, இல்லன்னா கோல் விழும்" என்று ஒருத்தி சொல்லும்போதே 4-4-1 ஆகிவிட்டது. அந்த ஒன்பதை யாரும் விரல்விட்டு எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு பையன் பத்துக் கொட்டையையும் பின்வரிசையில் அடுக்கிவிட்டு, "கோலே விழாது டீச்சர்" என்றான். கோல் போடுவது யார் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். 10-0-0. பூஜ்யத்தைப் பற்றி அன்றைக்கு நான் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மேல் வகுப்புக்கு இதையே கொஞ்சம் இறுக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது நிற்க வேண்டும், மொத்தம் எத்தனை விதமாக நிறுத்தலாம்? பத்துப் பேரோடு தொடங்கினால் மலைத்துவிடுவார்கள். அதனால் முதலில் செவன்ஸ். எங்கள் பக்கம் கோடை விடுமுறையில் எழுவர் ஆட்டம் நடக்காத ஊர் குறைவு. ஏழில் கோலி போக ஆறு. ஆறைப் பிரித்தால் சரியாகப் பத்து விதம் வரும். மூன்றாம் வகுப்பு ஒரு பாடவேளையில் முடித்துவிடும். பிறகு ஐந்தாம் வகுப்புக்குப் பத்து ஆள். பின்வரிசையில் ஒருவரை நிறுத்தினால் மற்ற இரண்டு வரிசைக்கும் 8 வழி. இருவர் என்றால் 7. மூவர் என்றால் 6. இப்படியே ஒன்று வரைக்கும் இறங்கும். எட்டிலிருந்து ஒன்று வரை கூட்டினால் 36. விடையைவிட, 'ஒன்றைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்றதை மாற்று' என்ற வழி பிடிபடுகிறதே, அதுதான் பெரிது. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை பெரும்பாலும் கணக்கில் முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளையாக இருப்பதில்லை. மாலையில் மணலில் அணி பிரிக்கிற பிள்ளையாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். தப்பாகச் சொன்னவர் 'அவுட்' ஆகி ஓரமாக உட்காருகிற விளையாட்டு என் வகுப்பில் கிடையாது. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அந்தப் பிள்ளைதான் முதல் நிமிடத்தில் வெளியே போகும். எல்லாம் தெரிந்த இரண்டு பேர் கடைசிவரை ஆடிக் கைத்தட்டல் வாங்குவார்கள். கால்பந்தில் அப்படி இல்லை பாருங்கள். பெனால்டியை வானத்துக்கு அடித்தவனும் அடுத்த நிமிடம் மைதானத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பான். அணி பிரிக்கும்போதும் கலந்தே பிரிப்பேன். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022இலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்து உட்கார வைத்துப் பழகிவிட்டோம். பாடத்துக்கு அது சரி. விளையாட்டு என்றால் ஒரே அணியில் மூன்றும் இருக்க வேண்டும். உதைப்பது அரும்பு, எழுதுவது மொட்டு, சரிபார்ப்பது மலர் என்று வேலையையும் பிரித்துவிடலாம்.

எழுத்துக்கு நாங்கள் ஆடுவது மூன்று கோல் ஆட்டம். கரும்பலகைக்குக் கீழே புத்தகப் பைகளை வைத்து மூன்று கோல். ஒன்றில் ல, ஒன்றில் ள, ஒன்றில் ழ என்று அட்டை. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். "நண்டு வளைக்குள் ஓடியது." உதைக்கும் அணி பத்து எண்ணுவதற்குள் குசுகுசுவென்று பேசி முடிவெடுத்து, சரியான கோலுக்குள் பந்தை அனுப்ப வேண்டும். எதிரணி கோலி குறுக்கே விழுந்து தடுக்கக் கூடாது. பந்து உருளும்போதே அந்த எழுத்து வரும் சொல்லைச் சிலேட்டில் எழுத வேண்டும். சரியாக எழுதிவிட்டால் அது 'சேவ்'. தப்பென்றால் கோல். இப்படி வைத்தால் இரண்டு பக்கமும் யோசிக்கும். உதைப்பதில் கெட்டிக்காரன் மட்டும் ஜெயிக்கிற ஆட்டமாகவும் ஆகாது. வலையும் வளையும் கடற்கரைப் பிள்ளைக்கு அன்றாடம் புழங்குகிற சொற்கள். ஒன்றில் மீன், ஒன்றில் நண்டு. அதனால் அங்கே தடுமாற மாட்டார்கள். புலி, புளி, கிளி, கிழி என்று போகும்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும். ர-ற, ந-ன-ண எல்லாவற்றுக்கும் இதே ஆட்டம்தான்.

சத்தம் பற்றிக் கேட்பீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவருகே வந்து ஒரு பார்வை பார்ப்பார், அது எனக்கும் தெரியும். அதற்கு எங்கள் விதி: கோல் அடித்தால் சத்தமில்லாமல்தான் கொண்டாட வேண்டும். சத்தம் வந்தால் கோல் செல்லாது. வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பது, சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பது, தரையில் சிலைபோல் சறுக்குவது என்று பிள்ளைகள் கண்டுபிடித்தவற்றைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பை அடக்க முடியாது.

வகுப்பறைக்குள் உதைக்கக் கடைப்பந்து வேண்டாம். ஜன்னல் தப்பினாலும் டியூப்லைட் தப்பாது. நாங்கள் செய்வது தாத்தா காலத்துப் பந்து. பழைய செய்தித்தாளை இரண்டு மூன்று தாளாகக் கசக்கி இறுக்கி, கிழிந்த காலுறைக்குள் திணித்து, வாயைக் கட்டி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை விரல் அகல வளையங்களாக வெட்டி எல்லாத் திசையிலும் மாட்டிவிட வேண்டும். டியூப் சைக்கிள் கடையில் சும்மாவே கிடைக்கும். வெட்டும் வேலை ஆசிரியருடையது, மாட்டும் வேலை பிள்ளைகளுடையது. வளையம் மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே பக்கமாக மாட்டினால் பந்து முட்டையாகிவிடும், நேராக ஓடாது. பிள்ளைகள் உருட்டிப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள், குறுக்கே மாட்டுவார்கள். செய்து முடித்ததும் நூலால் சுற்றளவு எடுத்து ஸ்கேலில் வைத்து அளக்கச் சொல்வேன். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம் வரை. தங்கள் பந்து அதில் பாதியா, கால்வாசியா என்று அவர்களே சொல்வார்கள். மளிகைக் கடைத் தராசு கிடைத்தால் எடையும் போடலாம்.

இனி கைவேலை என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்காக அடிடாஸ் கொடுத்த 'டெல்ஸ்டார்' அது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அந்த நிறம். 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம், மொத்தம் 32 துண்டு. இணையத்தில் இதை முழுப் பந்தாக ஒரு பிள்ளையே செய்வதுபோல் காட்டுவார்கள். நடக்காது. எட்டு வயதுக் கைக்கு 32 துண்டு மிக அதிகம். பாதியில் பசை காயும், பொறுமை காயும், கடைசியில் வீட்டில் அம்மா செய்து கொடுத்தனுப்புவார்.

நான் ஆறு துண்டோடு தொடங்குவேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும், மடியும், ஆனால் தொங்காது. அறுகோணத்தைக் காம்பஸ் வைத்து வரைந்துவிடலாம், பக்கம் 5 செ.மீ. ஐங்கோணம் வரைவதுதான் கஷ்டம். அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. நீளமான காகிதப் பட்டையை எடுத்து, கயிற்றில் போடுவதுபோல் ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மெதுவாக இழுத்து அழுத்துங்கள். அச்சாக ஓர் ஐங்கோணம் வந்து நிற்கும். பட்டையின் அகலம் 4.75 செ.மீ. என்றால் ஐங்கோணத்தின் பக்கம் ஏறத்தாழ 5 செ.மீ. வரும். அதை வைத்து அட்டையில் வரைந்துகொள்ளலாம். முடிச்சை அழுத்தும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

இப்போது ஐங்கோணத்தின் ஐந்து பக்கத்திலும் ஐந்து அறுகோணத்தை ஒட்டித் தரையில் வைத்தால், அடுத்தடுத்த அறுகோணங்களுக்கு நடுவே ஒல்லியாக ஒரு சந்து விழும். அறுகோணத்தின் மூலை 120 டிகிரி, ஐங்கோணத்தினது 108. இரண்டு அறுகோணமும் ஓர் ஐங்கோணமும் சேர்ந்தால் 348தான், முழுச்சுற்றுக்கு 12 குறைகிறது. டிகிரியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். "இந்தச் சந்த மூடு பாப்போம்" என்று டேப்பைக் கொடுத்தால் போதும். ஐந்து சந்தும் மூடும்போது தட்டையாகக் கிடந்தது கிண்ணமாக எழும்பும். தட்டை அட்டையிலிருந்து உருண்டை எப்படி வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் விளக்க முடியாது. நடுவில் ஐங்கோணம் இல்லாமல் ஓர் அறுகோணத்தைச் சுற்றி ஆறு அறுகோணத்தை வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தே இருக்காது, எழும்பவும் எழும்பாது. ஆர்வம் உள்ள குழுக்கள் மேலும் 5 ஐங்கோணமும் 5 அறுகோணமும் சேர்த்தால் 16 துண்டில் அரைப்பந்து. இரண்டு குழு சேர்ந்தால் முழுப்பந்து.

அந்தப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வாய்க்கணக்கு. ஒவ்வொரு ஐங்கோணத்தையும் சுற்றி 5 அறுகோணம், ஐங்கோணம் 12, அப்படியென்றால் 60 அறுகோணம் இருக்க வேண்டுமே, ஏன் 20தான் இருக்கிறது? ஐந்தாம் வகுப்பு பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு அறுகோணமும் மூன்று ஐங்கோணத்தைத் தொடுகிறது என்று கண்டுபிடிக்கும். பிறகு 60ஐ 3ஆல் வகுக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். 2026 உலகக் கோப்பைக்கான 'ட்ரையோண்டா' பந்தில் மொத்தமே 4 துண்டுதான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். படத்தைக் காட்டுங்கள்.

அட்டைகளின் கதை எனக்கு ரொம்பப் பிரியமானது. மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கொண்டுவந்த கென் ஆஸ்டன் இங்கிலாந்து நடுவர் மட்டுமல்ல, பள்ளி ஆசிரியரும்கூட. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்தில் யாரை எச்சரித்தார்கள், யாரை வெளியே அனுப்பினார்கள் என்பதே சரியாகப் புரியாத குழப்பம். மொழி வேறு இடித்தது. அதை யோசித்துக்கொண்டே காரில் போனவர் சிக்னலில் நின்றபோது வழி கிடைத்தது: மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் நில். அவர் மனைவி ஹில்டாதான் முதல் அட்டைகளைக் கைவேலைத் தாளில் சட்டைப் பைக்குள் அடங்கும்படி வெட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1970 உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. அந்த உலகக் கோப்பை முழுக்க ஒருவர்கூடச் சிவப்பு அட்டை வாங்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, வண்ணத்தாளையும் கத்தரிக்கோலையும் கொடுத்து, 'உன் சட்டைப் பைக்கு எந்த அளவு?' என்று கேட்டால் அளத்தல் பாடம் முடிந்தது. மொழி தெரியாதவருக்கும் புரியும் அடையாளம் வேறு என்னென்ன என்று பேசினால் சூழ்நிலையியல் வகுப்புக்கும் ஆயிற்று.

ஆனால் அந்த அட்டையை ஆசிரியர் கையில் தண்டனையாக எடுக்காதீர்கள். பேசியதற்குச் சிவப்பு, வீட்டுப்பாடம் எழுதாததற்கு மஞ்சள் என்று சில இடங்களில் பார்க்கிறேன். இரண்டு வாரத்தில் அது பிரம்பின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். எங்கள் வகுப்பில் அட்டை நடுவராக இருக்கும் பிள்ளையிடம் இருக்கும், ஆட்டம் நடக்கும்போது மட்டும்.

நேரத்துக்கும் எண்கோட்டுக்கும் 2022 கத்தார் இறுதி ஆட்டம் ஒரு வரம். வராந்தாவில் சாக்பீஸால் 0 முதல் 120 வரை ஒரு கோடு, பத்து பத்தாகப் புள்ளி. 23ஆம் நிமிடம் மெஸ்ஸி, 36 டி மரியா, 80, 81 இரண்டும் எம்பாப்பே, 108 மெஸ்ஸி, 118 மறுபடியும் எம்பாப்பே. ஆறு பிள்ளைகள் கோல்களாகப் போய் அந்தந்த நிமிடத்தில் நிற்க வேண்டும். 36க்கும் 80க்கும் நடுவே அவ்வளவு தூரம் ஆளே இல்லை. 80ம் 81ம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடிப்பைப் பார்த்ததும் அன்றைக்கு டிவி முன்னால் என்ன நடந்தது என்பதை வகுப்பே நடித்துக் காட்டும். இடைவெளிக் கணக்கு, முதல் பாதியா இரண்டாம் பாதியா, கூடுதல் நேரம் எது, எல்லாம் அந்தக் கோட்டின்மேல். 3-3, பிறகு பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா. எங்கள் பள்ளியில் பிரேசில் கட்சியும் உண்டு, அவர்கள் இந்தச் செயல்பாட்டை அவ்வளவாக ரசிப்பதில்லை.

கொடிகளைப் பற்றிச் சுருக்கமாக. எல்லோரும் வண்ணம் தீட்டத்தான் கொடுக்கிறார்கள். பின்னத்துக்குக் கொடுங்கள். போலந்துக் கொடி பாதி பாதி. இத்தாலி மூன்றில் ஒன்று. கொலம்பியாவில் மஞ்சள் அரை, நீலம் கால், சிவப்பு கால். ஒரே அளவுத் தாளை மடித்து மடித்து ஒட்டினால் அரையும் இரண்டு காலும் சமம் என்பது கைக்குத் தெரிந்துவிடும். மற்றபடி பேப்பர் கப்பில் கோப்பை செய்வது, மினுமினுப்பு தூவுவது, முகமூடி இதிலெல்லாம் எனக்கு ஈடுபாடு இல்லை. பிள்ளைக்குப் பிடித்தால் செய்யட்டும், அதற்குப் பாடவேளையைச் செலவழிக்காதீர்கள்.

மேல் வகுப்புக்குப் புள்ளிப்பட்டியல். ஜெயித்தால் 3, சமன் என்றால் 1, தோற்றால் 0. மேசைமேல் சோடா மூடியை விரலால் சுண்டி ஆடும் ஆட்டம், துணிக்கிளிப் இரண்டை நிறுத்தினால் கோல். நான்கு அணி என்றால் எல்லோரும் எல்லோரோடும் ஆட 6 ஆட்டம். பட்டியலைப் பிள்ளைகளே சுவரில் எழுதுவார்கள். மூன்றாம் வாய்ப்பாடு அதற்குள் அடங்கிவிடும். கோல் வித்தியாசம் என்று ஒரு கட்டம் போட்டால் இன்னும் சுவாரசியம். 2 போட்டு 5 வாங்கிய அணிக்கு என்ன எழுதுவது? "மைனஸ் மூணு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். குறை எண்ணைத் தொடக்கப் பள்ளிப் பாடத்தில் நாம் இன்னும் தொட்டிருக்கவே மாட்டோம். அதே பட்டியலை நீட்டினால் 2026 உலகக் கோப்பை. 48 அணி, நான்கு நான்காக 12 பிரிவு, பிரிவுக்கு 6 ஆட்டம் என்றால் 72. அதன்பின் 32 அணி வெளியேற்றச் சுற்றில். 16, 8, 4, 2, மூன்றாம் இடத்துக்கு ஒன்று, இறுதி ஒன்று, ஆக 32. இரண்டும் சேர்ந்து 104. பலகையில் இதை முடிக்கும்போது ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பெருமிதம் வரும்.

ஒருநாள் வெளியே போய்க் கோலையும் அளந்துவிடுங்கள். உண்மையான கோலின் உயரம் 2.44 மீட்டர், அகலம் 7.32 மீட்டர். உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, அதை மூன்று முறை தரையில் வைத்தால் அகலம் அச்சாக வந்துவிடும். அடி கணக்கில் 8ம் 24ம். அந்த அகலத்தில் கைகோத்து எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தபிறகு, எந்தக் கோலியையும் பிள்ளைகள் திட்ட மாட்டார்கள். எங்களுக்கு வலைக்குப் பஞ்சமில்லை. கடலுக்கு உதவாத கிழிந்த வலை வீட்டுக்கு வீடு உண்டு. அதில் ஓட்டையைக் கண்ணி கண்ணியாக எண்ணி முடிந்து அடைக்கும் வேலையை நான்காம் வகுப்புப் பிள்ளையின் தாத்தா ஒருவர் வந்து செய்து காட்டினார். ஊசி போகிற வேகத்தில் எனக்குக் கண் போகவில்லை. பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே அந்த வேலை தெரிந்திருந்தது. அதில் ஒருவனுக்கு வாசிப்பில் இன்னும் தட்டுத் தடுமாற்றம். அன்றைக்கு வகுப்புக்கே அவன்தான் வாத்தியார்.

பெண்பிள்ளைகள் விஷயத்தை விட்டுவிட முடியாது. மணலில் ஆடும் ஆட்டம் பையன்களுடையது என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால், வகுப்பிலும் பந்தைக் கண்டதும் பெண்பிள்ளைகள் ஓரம் போவார்கள். 'எல்லோரும் ஆடலாம்' என்று சொன்னால் மட்டும் போதாது. உதைக்கும் முறை மாறி மாறி வரும்படி விதி வையுங்கள், நடுவர் விசிலை முதலில் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுங்கள். கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுவரிசையில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்ற அணி. சுவரில் மெஸ்ஸி படம் ஒட்டுகிற இடத்தில் இவர்கள் படத்தையும் ஒட்டுங்கள். என் வகுப்பில் ஒருத்தி, "போலீஸ்லயும் இருந்துட்டு பந்தும் ஆடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். ஆடலாம் என்றேன். இப்போது விசில் அவள் கையைவிட்டுப் போவதில்லை.

எல்லா ஊரிலும் எங்கள் ஊர்போல் கால்பந்து இருக்காது, தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குக் கபடிதான் உயிர் என்றால் கபடியை எடுங்கள். ஏழு பேர், ரெய்டுக்கு 30 விநாடி, போனஸ் கோடு என்று அதிலும் கணக்கு கொட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஆட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கடைசியாக, இதைப் படிக்கும் கிளப்காரர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் ஒரு வேண்டுகோள். காற்று நிற்காத பந்து, தையல் விட்ட பந்து எதையும் தூக்கி எறியாதீர்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள். தையல் விட்டதைப் பிரித்து ஐங்கோணமும் அறுகோணமும் எண்ணுவோம். காற்று இறங்கினதை வகுப்புக்குள் உதைப்போம். அது உருண்டு பெஞ்சுக்கு அடியில் போகாது, டியூப்லைட்டையும் உடைக்காது.